ஜெமிமாவின் வயிற்றில் பேசியவர்கள்

ஆறுதல்புரம் கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபையார் எல்லாரும் முழங்காலில் நின்று கண்ணை மூடி மௌன ஜெபத்தில் இருந்த நேரத்தில், எப்சிபாயின் மகள் ஜெமிமாவின் வயிறு பேச ஆரம்பித்தது. பிள்ளை வாயை இறுக மூடி அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். பேசியது வயிறுதான், பச்சைப் பூப்போட்ட கவுனுக்கு உள்ளேயிருந்து, அதுவும் ஐந்து வயதுப் பிள்ளையின் குரலில் இல்லை, முன்வரிசையில் முக்காடு போட்டு மண்டியிட்டிருந்த தங்கபுஷ்பத்தின் மூக்கடைத்த கனத்த குரலில்.

"என் தம்பி பொண்டாட்டி பெரிய டாக்டரு, இவ சொல்லுததுக்கெல்லாம் நாம ஆடணுமாக்கும். தின்னு மக்கா, ஒரு கடிதான். இந்தப் பிள்ளையாவது நம்ம பக்கம் நிக்கட்டும்."

போதகர் நீளமாக ஜெபிக்கிறவர்களுக்குக் காத்திருந்து பழகியவர். வயிறு சொல்லி முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு ஆமென் என்றார், சபையும் ஆமென் என்றது. வெளியே வந்த பெண்கள், வயிறு பேசியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆராதனை நடுவில் பேசியதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். பிள்ளையின் வயிற்றை வீட்டிலேயே அடக்கிக் கூட்டிவரத் தெரியாதா என்று எப்சிபாயைத்தான் கோபித்தார்கள்.

எப்சிபாய் நேரே நாத்தனார் தங்கபுஷ்பத்திடம் போனாள். "மதினி, பிள்ளைக்கு என்ன குடுத்தீங்க?"

"நானா? பச்சத் தண்ணி குடுத்தேனா? கோயில் வாசல்ல நின்னு கேக்குதா பாரு கேள்வி."

"பாதி கிரீம் பன்னு," என்றது வயிறு, தங்கபுஷ்பத்தின் குரலிலேயே. "மீதிய நான் தின்னுட்டேன்."

தங்கபுஷ்பம் கொஞ்ச நேரம் பிள்ளையின் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பக்கத்தில் நின்றவளிடம் திரும்பி, "என் குரலு இம்புட்டுக் கட்டையாவாட்டி இருக்கு?" என்று கேட்டாள். அதோடு அவளுக்கு அந்த விஷயம் முடிந்தது.

எப்சிபாய்க்கு அப்போதுதான் ஆரம்பித்தது. அந்தப் பாதிப் பன் பிள்ளையின் உடம்பை விட்டுப் போக எத்தனை தடவை வெளிக்குப் போக வேண்டியிருந்தது, எத்தனை துணி நனைத்து அலசிக் காயப்போட வேண்டியிருந்தது, வாய்க்குள்ளே புண் வந்து கஞ்சியும் இறங்காமல் பிள்ளை எப்படிச் சுருண்டு கிடந்தாள் என்பதையெல்லாம் எந்தக் குரலும் சபைக்கு எடுத்துச் சொல்லவில்லை. வயிறு, கொடுத்தவர்களின் மனதைத்தான் பேசியது. வாங்கியவளின் வலியைப் பேசவில்லை.

ஜெமிமாவுக்கு ஆகாதது எது என்று கேட்டால் சொல்லி முடியாது, ஆவது எது என்றால் எப்சிபாய் ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள்: புழுங்கலரிசிக் கஞ்சி, அவித்த ஏத்தங்காய், சுரைக்காய், உப்பும் மஞ்சளும் மட்டும் போட்டு வேகவைத்த கிழங்கான் மீன். கோதுமை, மைதா, ரவை எதுவானாலும் ஒரு தூள் உள்ளே போனால் போதும், இந்தப் பிள்ளையின் குடல் தன்னையே தேய்த்துக்கொள்ளும், உள்ளே மெத்தை மாதிரி இருக்க வேண்டிய இடம் வழுக்கையாகிக் கிடக்கிறது, அது மறுபடி முளைக்கிறவரை பாலும் பருப்பும்கூட வேண்டாம் என்று பாளையங்கோட்டை டாக்டரம்மா படம் வரைந்து காட்டியிருந்தாள். கடையில் விற்கும் கட்டிப் பெருங்காயத்தில் மாவு கலந்திருக்கும் என்பதால் அந்த வீட்டில் பெருங்காயம் இல்லை. மில்லில் கோதுமை அரைத்த கையோடு மஞ்சளை அரைப்பார்கள் என்பதால் எப்சிபாய் விரலி மஞ்சளை வாங்கி வீட்டு அம்மியிலேயே தட்டினாள். பிள்ளைக்கென்று ஒரு பானை, ஒரு அகப்பை, ஒரு தட்டு, அவற்றைக் கழுவ ஒரு தனி நார்.

இதெல்லாம் வேறு ஊராக இருந்தால் எப்படியாவது நடத்திவிடலாம். ஆறுதல்புரமோ ஒரு ரொட்டிக்கடையைச் சுற்றி உண்டான ஊர். கோயில்பிள்ளை முதலாளியின் ரொட்டிக்கடையில் வேலை பார்க்கிற ஆள் இல்லாத வீடே அங்கே இல்லை, உடைந்த ரஸ்க்கும் முனை கருகிய ரொட்டியும் போகாத வீடும் இல்லை. மாவு தெருவில் பறந்தது, கொடியில் காயும் துணியில் படிந்தது, அரளிப் பூவின் மேலேயும் வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. எப்சிபாயின் புருஷன் ஆசீரும் அங்கே மாவு பிசைகிறவன்தான். வேலை முடிந்து வந்தால் கொல்லைக் குழாயடியில் தலை முதல் கால்வரை குளித்து, வேறு கைலி கட்டி, நகக்கண்ணைக் காட்டி, எப்சிபாய் சரி என்று சொன்ன பிறகுதான் தன் பிள்ளையைத் தொட்டுத் தூக்குவான்.

அந்த ஊருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் தின்னும்போது ஒரு பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றால், முதல் விள்ளலைப் பிய்த்து அந்தப் பிள்ளையின் வாயில் போட்டுவிட வேண்டும். போடாமல் தின்றால் பிள்ளையின் கண் பட்டுத் தின்றவருக்கு வயிறு வலிக்கும். வேதக்காரர்கள் நாங்கள் கண்ணையும் திருஷ்டியையும் நம்புகிறதில்லை என்று சொல்லிக்கொண்டேதான் பிய்த்துப் போட்டார்கள். ஜெமிமாவோ எல்லாவற்றையும் பார்க்கிற பிள்ளை. கஞ்சியும் சுரைக்காயும் தின்று வளர்ந்த பிள்ளை வேறு எதைப் பார்க்கும்? அவளுக்குப் பெரிய கண்கள், உடம்பு வற்ற வற்ற அவை இன்னும் பெரிதாயின, பார்த்தவர்களுக்கெல்லாம் பயம் வந்தது, பயம் வந்தவர்களெல்லாம் பிய்த்துப் போட்டார்கள்.

எப்சிபாய் வீடு வீடாகப் போய்ச் சொல்லிப் பார்த்தாள், கையெடுத்துக் கும்பிட்டுப் பார்த்தாள். "ஒரு வாய்தானட்டி, அதுல என்ன வரப்போவுது" என்றார்கள். "பிள்ளையப் பட்டினி போட்டு வளக்குதா, என்ன நெஞ்சுரமோ" என்று அவள் திரும்பிய பிறகு சொன்னார்கள். அவள் சத்தம் போட்டுப் பேசுகிறவள் இல்லை. எதுவாக இருந்தாலும் அடுப்படியில் நின்று கர்த்தரிடம் சொல்லிவிடுகிறவள். ஆண்டவரே, இவங்க வயித்தைக் காப்பாத்திக்கிட என் பிள்ள வயித்தக் கெடுக்காங்களே, இது எந்த ஊர் நியாயம் என்று மட்டும் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே கேட்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வயிறு அடிக்கடி பேசியது. தையல்கடைக்காரர் குரலில், "அந்தக் கண்ணப் பாத்தாலே எனக்குக் குடலப் பெரட்டுது, வாங்கிட்டுப் போயித் தொலையட்டும்" என்றது. பள்ளிக்கூட வாத்தியார் குரலில், "இந்தக் காலத்துப் பொம்பளைகளுக்கு டாக்டர் சொன்னா வேதவாக்கு, நாங்க எல்லாத்தையும் தின்னுதான் வளந்தோம்" என்றது. எதிர்வீட்டு லில்லிபாயின் குரலில் பேசியபோது மட்டும் எப்சிபாய்க்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "பாவம், முகம் ஏங்கிக் கெடக்கே, என் ராசாத்தி, ஒரு நாளாவது வாய்க்கு ருசியாத் தின்னுட்டுப் போவட்டும்" என்று அழுதுகொண்டே பேசியது அது. அந்த அன்புக்குப் பிள்ளை கிடந்த கிடை, தையல்காரரின் வெறுப்புக்குக் கிடந்ததைவிட ஒரு இம்மியும் குறையவில்லை.

பேச்சு தங்களைக் காட்டிக்கொடுக்கிறது என்று தெரிந்ததும் ஊர் திருந்தியிருக்க வேண்டும். ஊர் அப்படிச் செய்யவில்லை, வாயைத் திறக்காமல் கொடுக்கப் பழகிக்கொண்டது. அப்படிக் கொடுத்தாலும் நினைத்ததை வயிறு சொல்லியது. நினைக்காமல் கொடுக்கப் பார்த்தார்கள், அது யாருக்கும் வரவில்லை.

ஒருநாள் காலையில் எப்சிபாய் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்போடு முடி வந்தது. அதைச் சுருட்டி ஓரமாக வைத்தபோது வயிறு மெதுவாகப் பேசியது, அவள் தினமும் கேட்கிற குரலில்.

"ஆண்டவரே, அந்த டாக்டரம்மா சொன்னது பொய்யா இருக்கணும். இந்த ஒரு ரஸ்க்கு மட்டும் செரிச்சிட்டுன்னா எம் பிள்ளையும் எல்லாப் பிள்ளையையும் போலன்னு நெனச்சிக்கிடுவேன்."

ஆசீர் குழாயடியில் சட்டையைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தான்.

"நீங்களுமா?" என்றாள் எப்சிபாய்.

"ஊருக்கெல்லாம் என் கையாலதான் ரொட்டி போவுது எப்சி. எம் பிள்ள மட்டும் பாத்துக்கிட்டு நிக்கா. ஒரு துண்டு..."

"உங்க ஆசையெல்லாம் அவ குடலுக்குள்ளதான் கெடந்து அறுக்கணுமா?"

ஆசீர் அன்று வேலைக்கும் போகாமல் பிள்ளையின் துணிகளை அவனே அலசினான். அலசும்போது, உள்ளே பாயில் கிடந்த பிள்ளையின் வயிற்றிலிருந்து தன் குரலே திரும்பத் திரும்பத் தன்னிடம் வேண்டிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

இதற்குப் பிறகுதான் ஊருக்கு வேறு யோசனை வந்தது. தங்கபுஷ்பத்தின் சம்பந்தி வீட்டில் ஒரு மாமியார், மருமகளைக் கூட்டி வந்து, அவள் கையில் ஒரு பிஸ்கோத்தைக் கொடுத்து, அதை ஜெமிமாவுக்குக் கொடுக்க வைத்தாள். எப்சிபாய் கடைக்குப் போயிருந்த நேரம். கொஞ்ச நேரத்தில் வயிறு மருமகளின் குரலில், மாமியாரைப் பற்றி அவள் நினைப்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லியது. மாமியார் திருப்தியோடு போனாள். மறுநாள் மருமகள் மாமியாரைக் கூட்டி வந்தாள். அப்புறம் வழி திறந்துகொண்டது. பங்காளியின் மனதை அறியப் பங்காளி வந்தான், கட்டிக்கப் போகிறவனின் மனதை அறியப் பெண்ணைப் பெற்றவர் அவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். இது ஆண்டவர் நம் சபைக்குக் கொடுத்த வரம் என்றார்கள். எப்சிபாய் அசந்த நேரம் பார்த்துக் கையில் ரொட்டியோடு வந்தார்கள், வயிறு பேசும்வரை வாசல் வேப்பமரத்தடியில் காத்திருந்தார்கள், கேட்டுவிட்டு எழுந்து போனார்கள், போகும்போது பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டவர் ஒருவர் இல்லை.

எப்சிபாய் பிள்ளையைப் பால்வாடிக்கு அனுப்புவதை நிறுத்தினாள், வாசற்கதவைச் சாத்தினாள். சுவருக்கு மேலே கை நீண்டது. ஜன்னலுக்குக் கம்பி வலை அடித்தாள். வலைக்கண்ணில் நுழைகிற அளவுக்கு ரஸ்க்கை நொறுக்கித் தூவினார்கள், தரையில் விழுந்ததைப் பிள்ளை பசியில் பொறுக்கினாள். ஜெமிமாவின் கைகள் முருங்கைக்காய் போல் ஆயின. "அம்மா, வலிக்கும்மா, வலிக்கும்மா" என்று அவள் முனகுவது, வயிற்றுக்குள் யாரோ ஒரு ஆணின் குரல் தன் அண்ணனைத் திட்டுகிற சத்தத்தில் அமுங்கிப் போனது. கடைசியாகப் பார்த்த டாக்டரம்மா, எடை போட்டுவிட்டு, இன்னும் ஒரு தடவை இப்படிப் போனால் இந்த உடம்பு தாங்காது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டாள்.

அந்தச் சமயத்தில் சபைக் கமிட்டித் தேர்தல் வந்தது. கோயில்பிள்ளை முதலாளி ஒரு பக்கம் நின்றார், அவருக்கு எதிராகவும் ஆட்கள் நின்றார்கள், யாரும் யாரையும் நம்பவில்லை. ஆகவே பண்டிகையன்று ஊருக்கே போடுகிற அசனச் சாப்பாட்டுப் பந்தியில், சபையார் முன்னிலையில், தேர்தலில் நிற்கிற ஒவ்வொருவரும் ஜெமிமாவுக்கு ஒரு விள்ளல் ரொட்டி கொடுப்பது, யார் மனதில் என்ன இருக்கிறது என்று சபை கேட்டுக்கொள்வது என்று எல்லாப் பக்கத்தாரும் ஒன்றுகூடி முடிவு செய்தார்கள். அந்த ஊரில் எல்லாரும் ஒத்துப்போன முடிவு அது ஒன்றுதான்.

சொல்லிவிட்டுப் போகப் போதகரும் முதலாளியும் வீட்டுக்கு வந்தார்கள்.

"சின்னத் துண்டுதாம்மா," என்றார் முதலாளி. "நம்ம கடையிலேயே ஸ்பெஷலா, சீனி கூடப் போட்டுச் செய்யச் சொல்லுதேன்."

"டாக்டரம்மா இனிமே தாங்காதுன்னு சொல்லிட்டாங்க ஐயா."

"சபையின் நன்மைக்காக ஒரு சின்னத் தியாகம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்," என்றார் போதகர்.

"யாரோட தியாகம் ஐயா?"

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதலாளி ஆசீரைப் பார்த்தார். "நீ என்னப்பா சொல்லுத? இத்தன வருசமா நம்மகிட்ட இருக்க. நாளப்பின்ன நீயும் நானும் முகம் பாக்கணுமில்ல."

ஆசீர் தரையைப் பார்த்தான்.

எப்சிபாய், பிறந்ததிலிருந்து போதகர்களுக்கு முன்னால் குரல் உயர்த்தாத எப்சிபாய், எழுந்து வாசற்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "என் பிள்ள உங்க ஊருக்கு ஒலிபெருக்கி இல்ல, போயிட்டு வாங்க" என்றாள்.

பண்டிகையன்று கோயில் வளாகத்தில் பந்தல் போட்டு, பெரிய பெரிய வார்ப்புகளில் சோறு பொங்கியது. எப்சிபாய் வீட்டில் பிள்ளைக்குக் கஞ்சி வடித்து, மீனை அவித்து, முள் எடுத்துக்கொண்டிருந்தாள். ஆசீர், ஜோடனை பார்க்கட்டும் என்று பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு போனான். எதையும் வாங்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அவள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு பந்தலுக்குள் நுழைந்தபோது, இலை போட்டு உட்கார்ந்திருந்த சபை முழுதும் மேடையைப் பார்த்திருந்தது. மேடையில் ஒரு நாற்காலி, நாற்காலியில் ஆசீர், ஆசீரின் மடியில் ஜெமிமா, ஜெமிமாவின் வயிற்றுக்கு நேராகத் தாழ்த்தி நிறுத்தின மைக். கோயில்பிள்ளை முதலாளி சீனி மினுங்கும் ரொட்டித் துண்டோடு குனிந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள் ஆளுக்கொரு துண்டோடு வரிசையில் நின்றார்கள்.

"குடுக்காதீங்க!" என்று கத்திக்கொண்டு இலைகளுக்கு நடுவே ஓடினாள் எப்சிபாய். "ஏங்க, பிள்ளையத் தூக்குங்க!" ஆசீரின் கைகள் பிள்ளையைச் சுற்றி இறுகின, எழத்தான் முடியவில்லை, முதலாளியின் ஒரு கை அவன் தோளில் இருந்தது. "ஒரு நிமிசம் பொறு எப்சி, நல்ல காரியம் நடக்கையில கத்தாத" என்று தங்கபுஷ்பம் குறுக்கே வந்து அவள் கையைப் பிடித்தாள்.

அப்போது ஒலிபெருக்கியில் ஒரு குரல் கேட்டது.

"வேண்டாம். எனக்கு வலிக்கும்."

பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் வாளியோடு நின்றார்கள். முதலாளி நிமிர்ந்து கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தார். "நான் இன்னும் குடுக்கவே இல்லையே," என்றார்.

"யார் குரலுவே அது?"

"வாத்தியார் மக குரல் மாதிரி இருக்கு."

"அவ இந்தா என் பக்கத்துல இருக்காளே."

"எதிர்க்கட்சிக்காரன் காலையிலேயே குடுத்திருப்பான்."

"இல்லவே, இது நம்மூர்க் குரலே இல்ல. நான் கேட்டதே இல்ல."

அடையாளம் தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். போதகர் மைக்கைக் கையில் எடுத்து, அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் தயவுசெய்து முன்னே வரவும் என்று சபையைக் கேட்டுக்கொண்டார். யாரும் வரவில்லை. மறுபடியும் அதே குரல், மைக் இல்லாததால் இப்போது சின்னதாக: "வேண்டாம் மாமா."

எப்சிபாய் நாத்தனாரின் கையை உதறிவிட்டு மேடை ஏறினாள். போதகரின் கையிலிருந்த மைக்கை வாங்கக்கூட இல்லை, அவளுடைய குரல் பந்தல் கடைசிவரை அப்படியே போயிற்று.

"அது எம் மக குரலு. வயிறு இல்ல, வாய். பேச்சு வந்ததுலேருந்து அந்த வாய் இதத்தான் சொல்லுது. உங்க வாசல்ல நின்னு சொல்லிச்சி, பால்வாடியில சொல்லிச்சி, எங்க வீட்டுப் பாயில கெடந்து சொல்லிச்சி. நீங்க உங்க குரலக் கேக்க வந்தீங்க, கேட்டீங்க, போனீங்க. இவளுக்குன்னு ஒரு குரல் உண்டுன்னு இன்னைக்குத்தான் தெரியுதாக்கும். தெரிஞ்சும் யார் குரலு யார் குரலுன்னு கேக்கீங்களே, உங்களுக்கெல்லாம் கூசல?"

வரிசையில் கடைசியாக நின்றவர், "அப்போ ஓட்டு விசயம்?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, மற்றவர்கள் பார்த்த பார்வையில் தன் ரொட்டித் துண்டைத் தானே வாயில் போட்டுக்கொண்டார்.

ஆசீர் எழுந்தான். முதலாளியின் கை அவன் தோளிலிருந்து தானாக நழுவியது. பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கியவன், வாசலுக்குப் போகவில்லை, பந்தியில் காலியாக இருந்த ஒரு இடத்தில், எல்லாரும் பார்க்க, சம்மணம் போட்டு உட்கார்ந்தான். எப்சிபாய் அவன் எதிரே உட்கார்ந்து, தூக்குச்சட்டியைத் திறந்து, கொண்டுவந்த தட்டில் கஞ்சியை ஊற்றி, முள் எடுத்த மீனைப் பிசைந்து ஊட்டினாள். பந்தலில் அத்தனை பேரின் இலையிலும் சோறு ஆறிக்கொண்டிருந்தது. குழம்பு வாளியைப் பிடித்திருந்த ஆள் ஒரு சொட்டுகூட அந்தப் பக்கம் தெறித்துவிடக் கூடாதென்று ரெண்டடி பின்னால் நகர்ந்துகொண்டான்.

ஜெமிமா மென்று விழுங்கினாள். வயிறு ஒன்றும் சொல்லவில்லை. தட்டு காலியானதும், சபை முழுதும் காது கொடுத்துக் கேட்டிருக்க, அவள்தான் சொன்னாள்.

"இன்னும் கொஞ்சம் தாங்கம்மா."